விலைச் சோறும் சமபந்தியும்

பசி எல்லோர்க்கும் பொது. ஆனால் அப்பசியைத் தீர்க்கும் பந்தி எல்லோர்க்கும் பொதுவாக என்றும் இருந்ததில்லை. இன்று சென்னை மாநகரில் ஒருவன் ஓர் உணவு விடுதிக்குள் நுழைகிறான். காலியாக உள்ள நாற்காலியில் அமர்கிறான். வேண்டியதைக் கேட்டு உண்கிறான். விலையைக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறான். அவன் எந்த ஊரினன், எந்தக் குலத்தினன், எந்தச் சமயத்தினன் என்று எவரும் வினவுவதில்லை. அவனுக்கு எதிரே அமர்ந்து உண்பவர் குஜராத்தி வணிகராக இருக்கலாம். ஒடிசாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியாக இருக்கலாம். நம் கல்வராயன் மலையிலிருந்து வேலை தேடிச் சென்ற இளைஞராகவும் இருக்கலாம். இதில் வியப்பு என்ன இருக்கிறது என்று இக்காலத்துப் பிள்ளைகள் கேட்பர். வியப்பு இருக்கிறது. நம் நாட்டு வரலாற்றை நோக்கினால், வாக்குச் சாவடியில் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதற்கு எவ்வளவு முயற்சி வேண்டியிருந்ததோ, உணவுச் சாலையில் எல்லோரும் ஒரே வரிசையில் அமர்வதற்கும் அவ்வளவு முயற்சி வேண்டியிருந்தது. அந்த வரலாற்றையே இன்று சிறிது ஆராய எண்ணுகிறேன்.

சமைத்த உணவை விலைக்கு விற்பது தமிழ்நாட்டிற்குப் புதிது என்று பலர் கருதுகின்றனர். அது முழு உண்மை அன்று. பண்டைத் தமிழரின் பெருநகரங்களில் உணவு விற்போர் இருந்தனர். மதுரையின் இரவுக் கடைத்தெருவைக் காட்டும் மதுரைக்காஞ்சி, அப்பம் சுட்டு விற்கும் வணிகரையும் நம் கண்முன் நிறுத்துகிறது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, பல மொழி பேசும் மக்கள் தத்தம் நாட்டை விட்டு வந்து அந்நகரில் கலந்து வாழ்ந்ததைப் பெருமையோடு கூறுகிறது. சிலப்பதிகாரம் காட்டும் மருவூர்ப்பாக்கத்திலும் பிட்டும் அப்பமும் விற்போர் உள்ளனர். கப்பல் வரும் துறைமுகத்தில் வேற்று நாட்டார் இறங்குவர், இறங்கியவர்க்குப் பசிக்கும், பசித்தவர்க்கு உணவு விற்க ஒருவர் முன்வருவார். பெருநகரம் என்பதும் விலைச் சோறு என்பதும் ஒன்றாகப் பிறந்தவை என்றே கொள்ளலாம்.

ஆயினும் பிற்காலத்தில் வேறொரு கருத்து நம்மிடையே வேரூன்றியது. சோற்றை விற்றல் பாவம் என்றனர். அதனை அன்ன விக்கிரயம் என்று பழித்தனர். சோறு கொடுக்கத்தக்கதே அன்றி விற்கத்தக்கது அன்று என்னும் எண்ணம் உயர்ந்த எண்ணமே. அந்த எண்ணத்தின் பயனாகவே நாடெங்கும் சத்திரங்கள் எழுந்தன. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழி நெடுகச் சத்திரங்கள் அமைத்தார்கள். ஒரத்தநாட்டிலுள்ள முத்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோசி மன்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. சென்னையிலும் அத்தகைய அறங்கள் இருந்தன. ஐதர் அலியின் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து நாட்டை வாட்டிய 1782ஆம் ஆண்டையொட்டி, பசித்து வந்தவர்க்குக் கஞ்சி வார்க்க ஓர் இடம் அமைந்தது. அதுவே மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. அதனை ஒட்டி எழுந்த மருத்துவமனையை மக்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே நெடுங்காலம் அழைத்தனர். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் பழம்பெயர் அது.

நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திற்கு இவ்வறத்தில் தனிச் சிறப்பு உண்டு. 1867ஆம் ஆண்டு மே மாதம் வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகின்றது. சாதி, சமயம், நாடு என்னும் வேற்றுமை கருதாமல் பசித்தவர் எவராயினும் வந்து உண்ணலாம் என்பது அச்சாலையின் நெறி. நகரங்கள் விலைச் சோற்றின் வழியாகச் சமத்துவத்தை அடைவதற்கு முன்னரே, ஒரு சிற்றூர் அறச்சோற்றின் வழியாக அதனை அடைந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆனால் எல்லாச் சத்திரங்களும் வடலூர் ஆகிவிடவில்லை. பலவற்றில் ஒரு குலத்தார்க்கு உள்ளே இலை. மற்றொரு குலத்தார்க்குத் திண்ணையில் இலை. இன்னொரு குலத்தார்க்கு இலையே இல்லை. அன்றியும், அறச்சோறு ஒரு வேளைக்கு, ஒரு நாளைக்கு உதவும். மாதம் முழுதும் நகரத்தில் தங்கி உழைப்பவன் நாள்தோறும் சத்திரத்து வாயிலில் நிற்க முடியுமா? கொடையாகப் பெறும் சோற்றில் பெறுபவன் தலை சற்றுத் தாழ்கின்றது. விலை கொடுத்து வாங்கும் சோற்றில் அவன் தலை நிமிரலாம். இங்கேதான் உணவுக் கடையின் தேவை பிறக்கின்றது.

1639இல் ஆங்கிலக் கம்பெனியார் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றது முதல் அந்நகரம் பல இனத்தவரின் உறைவிடமாயிற்று. தமிழரும் தெலுங்கரும் முதற்கண் இருந்தனர். போர்த்துகீசியரும் ஆர்மீனியரும் வணிகம் செய்தனர். ஆர்மீனியன் தெரு இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பின்னர் குஜராத்தியரும் மார்வாரியரும் வந்து சௌகார்பேட்டையில் குடியேறினர். ஆனால் இத்துணை மக்கள் கூடியும், அவரவர் தத்தம் தெருவில், தத்தம் வீட்டில், தத்தம் சமையலையே உண்டு வந்தனர். சந்தையில் கலந்தவர்கள் பந்தியில் கலக்கவில்லை.

இந்த நிலையை அசைத்தது இரயில் வண்டி. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடியது. வண்டியில் ஒரே பலகையில் பலரும் நெருக்கி உட்கார வேண்டியிருந்தது. அதனைவிட முக்கியமானது வேறொன்று. சிற்றூர்களிலிருந்து ஆடவர் தனியே நகரத்திற்கு வந்து தங்கத் தொடங்கினர். குமாஸ்தாக்கள், மாணவர்கள், வழக்கிற்காக உயர்நீதி மன்றத்திற்கு வருவோர், அச்சகத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர் எனப் பலர் வந்தனர். இவர்கள் மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்கள், சமைக்கத் தெரியாதவர்கள், சத்திரத்தை நம்பி வாழ இயலாதவர்கள். இவர்களுடைய வயிறே சென்னையின் உணவுக் கடைகளுக்கு மூலதனம்.

மாதச் சந்தாவுக்குச் சாப்பாடு போடும் மெஸ்கள் தோன்றின. வீட்டிலிருந்தபடியே சமைத்து அடுக்குப் பாத்திரங்களில் அனுப்பும் எடுப்புச் சாப்பாடு வந்தது. காப்பி குடிக்கும் வழக்கம் பரவியபோது காப்பி கிளப்புகள் பெருகின. கிளப் என்னும் ஆங்கிலச் சொல் வெள்ளையர் தமக்குள் கூடிப் பொழுது போக்கும் மன்றத்தைக் குறிப்பது. நம்மவர் அச்சொல்லை இட்டிலிக் கடைக்கு ஏற்றிவிட்டனர். ஒரு வகையில் அது பொருத்தமே. வெள்ளையர் மன்றத்தில் யார் நுழையலாம், யார் நுழையக் கூடாது என்று விதி இருந்தது போலவே நம் காப்பி கிளப்புகளிலும் விதி இருந்தது.

அந்த விதி எவ்வாறு தோன்றியது என்பதை அறிதல் வேண்டும். யார் கையால் சமைத்ததை யார் உண்ணலாம் என்று பழைய சமூகம் வரையறுத்திருந்தது. அவ்வரையறையின்படி பிராமணர் சமைத்ததைப் பெரும்பாலோர் உண்பர். பிறர் சமைத்ததைப் பிராமணர் உண்ணார். ஆகவே வணிகக் கணக்கில் பார்த்தாலும், பிராமணர் சமைக்கும் கடைக்கே வாடிக்கையாளர் மிகுதியாக வரக்கூடும். அதனால் "பிராமணாள் காப்பி கிளப்" என்னும் பலகை கடைகளின் முகப்பில் ஏறியது. முதலில் சமைப்பவரைக் குறித்த அச்சொல், விரைவில் உட்கார்ந்து உண்பவரையும் பிரித்தது. பல கடைகளில் பிராமணர்க்கு உள்ளறையும் ஏனையோர்க்கு வெளியறையும் அமைந்தன. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் காசைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. காசு எல்லோரையும் சமமாக்கும் என்று சொல்வார்கள். அக்காசின் மேல் சாதி எழுதப்படவில்லை. கல்லாவில் இருந்தவர் அதனைத் தடையின்றிப் பெற்றுக்கொண்டார். ஆயினும் அதைக் கொடுத்தவனுக்குப் பலகை கிடைக்கவில்லை. பணம் தனியே நின்று சமத்துவத்தைத் தராது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

தனியார் கடைகளில் மட்டும் அன்று, இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இப்பிரிவினை நிலவியது. ஒரே வண்டியில் ஒரே பெட்டியில் வந்திறங்கியவர்கள், நிலையத்தில் காப்பி அருந்த மட்டும் வேறு வேறு அறைக்குள் புகுந்தனர். நீதிக்கட்சியினரும், பின்னர்ப் பெரியார் ஈ.வெ.ராமசாமி தலைமையில் சுயமரியாதை இயக்கத்தினரும் இதனை விடாது கண்டித்து வந்தனர். இறுதியில் 1941ஆம் ஆண்டில் இரயில் நிலையங்களில் இப்பிரிவினை நீக்கப்பட்டது.

இதற்கு முன்னரே ஒரு பந்தி, தமிழ்நாட்டு அரசியலையே கலக்கியது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பெற்றோர் விருப்பத்திற்கிணங்கப் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது. தேச விடுதலைக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்தவர் ஐயர். சாதி வேற்றுமையைத் தாமே விரும்பியவரும் அல்லர். எனினும் பொதுப் பணம் பெற்ற கல்விச் சாலையில் இரண்டு பந்தி இருக்கலாமா என்னும் வினா 1924, 1925ஆம் ஆண்டுகளில் பெரும் புயலாக எழுந்தது. வரதராசுலு நாயுடுவும் ஈ.வெ.ராவும் அப்போராட்டத்தில் முன்னின்றனர். இரு சிறுவரின் இலையில் தொடங்கிய வழக்கு ஒரு பெருங்கட்சியையே பிளந்தது. பந்தி என்பது சிறிய பொருள் அன்று என்பதை நாடு அப்போது உணர்ந்தது.

சட்டமன்றத்தின் உள்ளேயும் முயற்சி நடந்தது. பொது வழிகளும் கிணறுகளும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூக இழிவுகளை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியல் அமைப்பு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் சாதி, சமயம், இனம், பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டி எவரையும் தடுத்தல் ஆகாது என்று 15ஆம் விதியில் தெளிவாக எழுதிவைத்தது. 17ஆம் விதி தீண்டாமையையே ஒழித்தது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் அதற்குத் தண்டனை வகுத்தது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் உணவு விடுதியைப் பற்றிய சொற்கள் இடம் பெற்றிருக்கின்றன என்றால், அவ்விடுதியின் வாசலில் எத்தனை பேர் எத்தனை காலம் நின்றிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்தறியலாம்.

சட்டமும் போராட்டமும் ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, வணிகம் தன் வழியே சென்றது. கன்னட நாட்டு உடுப்பியிலிருந்து வந்தவர்கள் சென்னையின் உணவு முறையையே மாற்றினார்கள். அவர்களுள் முதலில் எண்ணத்தக்கவர் கே. கிருஷ்ணராவ். இளமையில் சென்னைக்கு வந்து சிறு வேலைகள் செய்து முன்னேறிய அவர், 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் என்னும் மாளிகையை எடுத்து ஓட்டல் நடத்தினார். பின்னர் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் புதிய உட்லண்ட்ஸ் எழுந்தது. 1962இல் அண்ணா மேம்பாலத்தின் அருகே இப்பொழுது செம்மொழிப் பூங்கா உள்ள இடத்தில் மரங்களின் நடுவே காரில் இருந்தபடியே உண்ணும் உணவகத்தை அவர்கள் நிறுவினர். 2008 வரை அது நடந்தது. மற்றோர் உடுப்பிக்காரரான சீதாராமராவ் 1954இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ் ஓட்டலைத் தொடங்கினார். தூய்மை, விரைவு, ஒரே விலை என்பன இவர்கள் வகுத்த நெறி. மாவு அரைக்கும் இயந்திரமும் பெரிய அடுப்பும் நூற்றுக்கணக்கானவர்க்கு ஒரே நேரத்தில் உணவு அளிக்க உதவின. நூற்றுக்கணக்கானவர் வந்து போகும் கூடத்தில் ஒவ்வொருவர் குலத்தையும் விசாரித்துக்கொண்டிருக்க இயலாது. கூட்டம் பெருகப் பெருகக் கட்டுப்பாடு தளர்ந்தது.

சென்னையின் உணவு வரைபடத்தில் உடுப்பிக்காரர் மட்டும் இருந்தனர் என்று எண்ணலாகாது. திருவல்லிக்கேணியில் 1948இல் தொடங்கிய இரத்னா கபே, சாம்பாரில் மிதக்கும் இட்டிலிக்குப் பெயர் பெற்றது. அதனை நிறுவியவர் வடநாட்டவர்! 1951இல் மவுண்ட் ரோட்டில் புகாரி ஓட்டல் தோன்றியது. பிரியாணியும் தேநீரும் அருந்தப் பல குலத்தாரும் பல சமயத்தாரும் அங்கே கூடினர். புலால் உணவு அளிக்கும் கடைகள் மிலிட்டரி ஓட்டல் எனப் பெயர் பூண்டன. மதுரை மாவட்டத்து வடக்கம்பட்டியைச் சேர்ந்தவர்கள் தம் குலதெய்வத்தின் பெயரால் முனியாண்டி விலாஸ் கடைகளைத் தமிழ்நாடெங்கும் திறந்தனர். ஆண்டுதோறும் ஊருக்குத் திரும்பி அத்தெய்வத்திற்குப் பிரியாணி படைத்து எல்லோர்க்கும் வழங்குகின்றனர். சைவ உணவுக் கடையைச் சுற்றி எழுந்த தீட்டு வேலி, புலால் உணவுக் கடையைச் சுற்றி அத்துணை உயரமாக எழவில்லை. ஆதலின் ஒரு மேசையில் பலர் கூடி உண்ணும் பழக்கத்திற்கு இக்கடைகளும் பெரிதும் உதவின எனலாம்.

எனினும் பழைய பலகைகள் முற்றும் இறங்கிவிடவில்லை. 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் திருவல்லிக்கேணியிலிருந்த முரளி கபே என்னும் ஓட்டலின் பெயர்ப் பலகையில் இருந்த "பிராமணாள்" என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் மறியல் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர் சென்று நின்றனர், நாள்தோறும் கைதாயினர். மாதக் கணக்கில் நடந்த அம்மறியலில் பல நூறு பேர் சிறை புகுந்தனர். ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு என்று அக்காலத்திலேயே கேட்டவர் உண்டு. சமையலின் தரத்தைக் குறிக்கும் சொல்தானே அது என்று வாதிட்டவரும் உண்டு. ஆனால் அந்தச் சொல்லை வாசலில் படிப்பவன் ஒவ்வொரு முறையும் தான் யார் என்று நினைவூட்டப்படுகிறான். உணவு விடுதியின் பலகை உணவைப் பற்றிப் பேச வேண்டும். உண்பவன் பிறப்பைப் பற்றிப் பேசக் கூடாது. இறுதியில் அப்பலகை மாறியது. பிற ஊர்களிலும் அத்தகைய பலகைகள் படிப்படியாக மறைந்தன.

இக்குறை நமக்கு மட்டும் உரியது அன்று. அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், கிரீன்ஸ்பரோ என்னும் ஊரில் கறுப்பின மாணவர் நால்வர் ஒரு கடையின் உணவு மேசையில் அமர்ந்து காப்பி கேட்டனர். அவர்களுக்குக் காப்பி கொடுக்கப்படவில்லை, அவர்களும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் மேலும் பலர் வந்து அமர்ந்தனர். அந்த அமைதியான உட்காரல் நாடெங்கும் பரவியது. 1964இல் குடியுரிமைச் சட்டம் பிறந்து உணவு விடுதிகளைத் திறந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலும் தேநீர்க் கடைகளில் நுழையும் உரிமைக்காகத் தாழ்த்தப்பட்ட தமிழர் போராடினர். 1957இல் இலங்கை அரசு சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. உரிமைப் போர்கள் பல, கோட்டை வாயிலில் அல்ல, கடை வாயிலிலேயே நடந்திருக்கின்றன.

கடல் கடந்து சென்ற தமிழரின் நிலை சற்று வேறு. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து துறைமுகத் தொழிலாளர்க்கு விற்றனர். நாசி கண்டார் என்னும் அவ்வுணவு இன்று மலாயர், சீனர், தமிழர் எல்லோர்க்கும் உரியதாய் விட்டது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் இன்றும் பல இனத்தவர்க்குத் தோசை அளித்து வருகின்றது. ஊரில் ஒரு பந்தியில் அமராதவர்கள் அயல்நாட்டில் அமர்ந்தனர். தம்மைவிட வேறுபட்டவர் சூழ வாழும்போது, தமக்குள் கண்ட சிறு வேற்றுமைகள் மங்கிவிடுகின்றன போலும்.

பெண்களைப் பற்றி ஒரு சொல் கூறாமல் இவ்வரலாறு நிறைவு பெறாது. காப்பி கிளப் நெடுங்காலம் ஆடவர் உலகமாகவே இருந்தது. குடும்பப் பெண் கடையில் உண்பதை ஊர் பழித்தது. பின்னர், திரையிட்ட குடும்ப அறைகள் வந்தன. பெண்கள் கல்லூரிக்கும் அலுவலகத்திற்கும் சென்ற பிறகே திரை விலகியது. நாள் முழுதும் பிறர்க்குப் பரிமாறியவள், தானும் அமர்ந்து பிறர் பரிமாற உண்பதும் ஒரு விடுதலையே. 2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியபோது, ஒரு ரூபாய்க்கு இட்டிலியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதமும் விற்கப்பட்டன. அங்கே சமைத்துப் பரிமாறும் பணியைச் சுய உதவிக் குழுப் பெண்கள் ஏற்றனர். யார் கையால் சமைத்தது என்று கேட்டு உண்ட நகரம், கேளாமல் உண்ணக் கற்றுக்கொண்டது.

ஆசிரியனாக இருந்தவன் ஆதலின், பள்ளிக்கூடத்துப் பந்தியை நான் மறக்க முடியாது. 1920இல் பிட்டி. தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 1956இல் காமராசர் அதனை மாநிலத் திட்டமாக்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இத்திட்டங்களின் பயனைப் பேசுவோர் பிள்ளைகளின் எடையையும் வருகையையும் கணக்கிடுகின்றனர். கணக்கில் வராத பயன் ஒன்று உண்டு. பத்து ஆண்டுகள் ஒரே வரிசையில் தட்டேந்தி அமர்ந்த பிள்ளை, பின்னாளில் எந்த நகரத்து எந்த விடுதியிலும் அயலான் அருகே கூசாமல் அமர்வான்.

ஆயினும் அந்தக் கூச்சம் எளிதில் அகல்வது அன்று. மலைப்பள்ளி மாணவர் சிலரை ஒருமுறை சென்னைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். விளக்குகள் ஒளிரும் ஓர் ஓட்டலின் முன் நின்றோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் கையைப் பற்றி, "ஐயா, நாமெல்லாம் உள்ளே போகலாங்களா?" என்று கேட்டான். அவனை எவரும் தடுக்கவில்லை. தடுப்பார்களோ என்னும் அச்சம் மட்டும் அவன் உள்ளத்தில் இருந்தது. "போகலாம், தம்பி. சட்டமே சொல்லியிருக்கிறது" என்றேன். அவன் உள்ளே சென்று முதலில் அமர்ந்தது ஒரு மூலையில். வெள்ளிமலையிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அந்தத் தொலைவைப் பேருந்து ஒரு நாளில் கடக்கும். வாசலுக்கும் நடு மேசைக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க ஒரு தலைமுறைகூடப் போதாது.

சமவெளி ஊர் ஒன்றில், 1980களில், ஒரு தேநீர்க் கடையில் இரண்டு வகைக் குவளைகள் தனித்தனியே வைத்திருந்ததை நான் கண்ணாரக் கண்டேன். தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து அப்பொழுது கால் நூற்றாண்டு கடந்திருந்தது. பெருநகரம் முகம் தெரியாதவர் கூடுமிடம். அங்கே சாதியை மறைத்துக்கொள்ள முடியும். சிற்றூரில் எல்லோரையும் எல்லோரும் அறிவர். அங்கே மறைப்பு இல்லை. ஆகவே நகரத்துச் சமபந்தி ஒரு பகுதி அறியாமையால் அமைந்தது என்றே சொல்ல வேண்டும். அருகில் இருப்பவன் யார் என்று தெரியாததால் அமர்ந்து உண்பது முதற்படி. யார் என்று தெரிந்தும் அமர்ந்து உண்பதே இரண்டாம் படி. அந்த இரண்டாம் படியில்தான் நாகரிகம் இருக்கிறது.

இன்றைய சென்னை முன்னைவிடப் பன்மடங்கு விரிந்துவிட்டது. பர்மாவில் 1962இல் ஆட்சி மாறிய பின் அகதிகளாகத் திரும்பிய தமிழர் கொண்டுவந்த அத்தோ என்னும் உணவு, கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே மாலை வேளையில் விற்கப்படுகின்றது. சௌகார்பேட்டையில் வடநாட்டு இனிப்பும் காரமும் கிடைக்கின்றன. திருப்பெரும்புதூர்ப் பக்கத்துக் கார்த் தொழிற்சாலையையொட்டி வந்த கொரிய நாட்டவர்க்காகக் கொரிய உணவகங்களும் எழுந்துள்ளன. புகாரில் பல மொழியாளர் கலந்து வாழ்ந்ததைப் பாடிய புலவர் இன்று வரின் சென்னையைக் கண்டு மகிழ்வார். ஆனால் புதிய வேலிகளும் எழுகின்றன. ஒரு வேளை உணவின் விலை ஒரு கூலியாளின் பல நாள் ஊதியமாக உள்ள விடுதிகளும் உள்ளன. அங்கே பலகை ஏதும் இல்லை. விலைப் பட்டியலே பலகையாக நிற்கிறது. கைப்பேசியில் பணித்தால் உணவு வீட்டு வாசலுக்கே வருகின்றது. அதனைச் சுமந்து வந்த இளைஞன் வாசலிலேயே நின்று திரும்புகிறான். உண்பவர் அயலானைக் காணாமலே உண்ண வசதி பெருகுகின்றது. எல்லோரும் கூடி அமர்ந்து உண்ணும் கூடத்தை இத்தனை பாடுபட்டு அடைந்த நாம், அக்கூடத்தை வெறுமையாக்கிவிடலாகாது.

நம் மலைவாழ் மக்களின் பிள்ளைகள் இன்று படிப்பதற்கும் உழைப்பதற்கும் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் செல்கின்றனர். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் உண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நான் கூற விரும்புவது இது. நீங்கள் உண்ணச் செல்லும் கடையில் உங்களுக்கென ஓர் இருக்கை உண்டு. அது கடைக்காரர் தரும் சலுகை அன்று. உங்களிடம் உள்ள காசு தரும் உரிமையும் அன்று. வடலூர் அடுப்பும், சட்டமன்றத் தீர்மானமும், சிறை சென்றோர் துன்பமும், வாசலில் நின்று திரும்பியோர் பொறுமையும் சேர்ந்து செய்த இருக்கை அது. மூலையைத் தேடாமல் நடுவில் அமருங்கள். அருகில் வேறு யாரேனும் தயங்கி நின்றால், சற்று நகர்ந்து அவருக்கும் இடம் கொடுங்கள்.